வேலிக்கு மேலே ஒரு கண்



இந்த மாதம் என் வீட்டில் நானே விட்ட ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே பிழை இன்று ஊரில் பல வீடுகளில் அறியாமலே நடக்கிறது. அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் சென்ற வருடம் இரண்டு வீடுகளில் களவு போனது. பக்கத்து வீதியில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஒரு தாயின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். நான் தனியாக இருப்பவள். இலண்டனில் இருக்கும் மகன் கேள்விப்பட்டதும் பொறுக்கவில்லை. பணம் அனுப்பினான். ஆள் வந்து முன் தாழ்வாரத்துக் கூரையின் கீழ் ஒரு கமரா பூட்டினார். கதவு நிலையில் கமரா வைத்த அழைப்பு மணியும் ஒன்று பூட்டினார். யார் வந்தாலும் என் கைத்தொலைபேசியில் தெரியும், மகனுடைய தொலைபேசியிலும் தெரியும். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பது உண்மை.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். ஒரு நாள் மகன் கதைக்கும்போது சாதாரணமாகக் கேட்டான்: "அம்மா, முன் வீட்டுப் பிள்ளை இப்ப காலமை ரியூசனுக்குப் போறேல்லையோ? ஆறு மணிக்குச் சைக்கிளோட வெளிக்கிடுறவள், இந்தக் கிழமை காணேல்லை."

அவன் வேறு எண்ணத்தோடு கேட்கவில்லை. அவனை நான் அறிவேன். ஆனாலும் எனக்கு நெஞ்சில் என்னவோ செய்தது. ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருக்கும் ஓர் ஆண்பிள்ளைக்கு, முன் வீட்டுக் குமர்ப்பிள்ளை எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறாள் என்பது தெரிந்திருக்கிறது. அவளுக்கோ அவன் பார்ப்பது தெரியாது. அவள் தாய்க்கும் தெரியாது.

அடுத்த நாள் அந்தத் தாயே படலையில் வந்து நின்றாள். "அக்கா, ஒண்டு சொன்னா குறை நினைக்கக் கூடாது. உங்கட கமரா எங்கட கிணத்தடியைப் பாக்குதோ எண்டு பிள்ளை கேக்கிறாள். அவள் இப்ப கிணத்தடிக்கே போறதில்லை. உடுப்புக் காயப்போடவும் பின்னேரம் இருட்டினாப் பிறகுதான் வெளியில வாறாள்."

நான் தொலைபேசியைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். என் முற்றம், என் படலை, ஒழுங்கை. அதற்கு அப்பால் அவர்களுடைய தகர வேலி. வேலிக்கு மேலால் கிணற்றடியும் கொடியும் துலக்கமாகத் தெரிந்தன. இத்தனை நாளாக அந்தப் படத்தை நானும்தான் பார்த்தேன். என் படலையை மட்டுமே பார்ப்பதாக எண்ணிக்கொண்டு பார்த்தேன்.

வேலி ஏன் கட்டினோம்?

எங்கள் ஊர்களில் கிடுகு வேலியையும் பனையோலை வேலியையும் களவுக்காக மட்டும் கட்டவில்லை. கள்வனுக்கு ஓலை வேலி பெரிய தடையா? வீட்டுப் பெண்கள் வெளிக்கண் படாமல் தம் வளவுக்குள் குளிக்கவும், உலாவவும், தலை விரித்து உலர்த்தவும், வாய்விட்டுச் சிரிக்கவும் அந்த வேலி இடம் தந்தது. வீதியால் போகிறவரின் கண் மட்டத்தை வைத்தே அதன் உயரத்தை அளந்தோம்.

பன்னிரண்டு அடி உயரத்தில் பூட்டிய கமராவுக்கு அந்த அளவு செல்லாது. ஆறடி வேலியை அது மேலிருந்து பார்க்கிறது. அகலக் கோணக் கண்ணாடி கொண்டது ஆகையால் நாம் நினைப்பதைவிட இரு பக்கமும் கூடுதலாகப் பார்க்கும். இரவிலும் அகச்சிவப்பு ஒளியால் பார்க்கும். அயலவர் எட்டிப் பார்த்தால் நாம் கண்டுவிடுவோம், அவரும் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார். கமரா திரும்பாது. கண்டதைச் சேமித்தும் வைக்கும்.

இன்னொன்றையும் நம்மில் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கருவிகளில் பலவற்றுக்குக் காதும் உண்டு. அழைப்பு மணிக்குள் இருக்கும் ஒலிவாங்கி, வாசலில் நிற்பவரோடு கதைப்பதற்காக வைத்தது. ஒழுங்கையில் இரண்டு பெண்கள் நின்று கதைப்பதும் அதில் விழலாம்.

ஒக்ஸ்போர்ட்டில் ஒரு வழக்கு

மகனிடம் விசயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, இஞ்ச என்ர வாசலில சட்டம் பாத்துத்தான் பூட்டினனான். அறிவித்தலும் ஒட்டியிருக்கிறன். ஊரில அதை யோசிக்கேல்லை" என்றான். அங்கே என்ன சட்டம் என்று கேட்டேன். அவன் சொன்ன வழக்கைத் தேடி வாசித்தேன். நாம் அறிந்திருக்க வேண்டிய வழக்கு அது.

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் கவுண்டி நீதிமன்றத்தில் 2021 ஒக்டோபரில் தீர்ப்பான வழக்கு. வழக்காளி ஒரு பெண். எதிராளி அவருடைய அயலவர். 2019இல் தன் காரைத் திருட முயன்றார்கள் என்பதால் அந்த அயலவர் கமராக்களையும் ரிங் என்ற வகைக் கமரா அழைப்பு மணியையும் பூட்டினார். அவற்றில் ஒன்று அப்பெண்ணின் பக்கவாசலையும் வாகனம் நிறுத்தும் இடத்தையும் பார்க்கக்கூடியதாக இருந்தது. அவை எப்படி இயங்குகின்றன, எதைப் பதிகின்றன என்பதில் அவர் அப்பெண்ணுக்கு உண்மைக்கு மாறாகச் சொன்னார் என்றும் நீதிபதி கண்டார். அப்பெண் தன் வீட்டைவிட்டே வெளியேறியிருந்தார்.

நீதிபதி ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார். அழைப்பு மணியின் கமராவில், வாசலைக் கடந்து போகும்போது அப்பெண்ணின் உருவம் தற்செயலாக விழுவதை அவர் பிழையாகக் கொள்ளவில்லை. தன் வாசலைக் காக்க வீட்டுக்காரருக்கு நியாயமான தேவை உண்டு என்றார். ஆனால் அப்பெண்ணின் பக்கத்தைப் பார்த்த கமராவுக்கு அந்த நியாயம் இல்லை என்றார். ஒலிப்பதிவைப் படத்தைவிடப் பாரதூரமாக எடுத்துக்கொண்டார். 40 அடிக்கும் அப்பால் நடக்கும் பேச்சுப் பதிவாகக்கூடும் என்பது வழக்கில் வெளிவந்தது. அங்கே கமரா இருப்பதையே அறியாத ஒருவரின் பேச்சும் அதில் அகப்படும். களவைத் தடுக்க அவ்வளவு தூரத்துப் பேச்சு எதற்கு என்பதுதான் கேள்வி. அந்நாட்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மீறப்பட்டதாகவும், அயலவரின் நடத்தை துன்புறுத்தலாக அமைந்ததாகவும் தீர்ப்பானது.

கமரா அழைப்பு மணிகள் எல்லாமே சட்டவிரோதம் என்று அப்போது சிலர் பரபரப்பாக எழுதினார்கள். அது சரியல்ல. இது கீழ்நிலை நீதிமன்றத் தீர்ப்பு, மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதும் அல்ல. ஆனால் எங்கே கோடு கீற வேண்டும் என்பதை அது நன்றாகக் காட்டுகிறது.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் மேல் வீட்டில் குடியிருந்த கணவனும் மனைவியும், கீழ் வீட்டுக்காரர் பூட்டிய கமராக்களுக்கும் ஒலிப்பதிவுக் கருவிகளுக்கும் எதிராக வழக்கிட்டார்கள். தம் சொந்த இடத்திலேயே என்ன பேசுவது, எப்படி நடமாடுவது என்று கவனித்துக் கவனித்து வாழ வேண்டியிருந்தது அவர்களுக்கு. 2017இல் நீதிமன்றம் இருவருக்குமாக 17,268 பவுண் நட்டஈடு வழங்கியது.

செக் குடியரசில் நடந்தது இன்னும் சுவையானது. வீட்டுக்கு அடிக்கடி சேதம் விளைவித்தார்கள் என்று ஒருவர் 2007இல் கூரையின் கீழ் கமரா பூட்டினார். யாரோ கவணால் அடித்து யன்னலை உடைத்தார்கள். கமராப் படத்தை வைத்துப் பொலிசார் சந்தேகநபர்களைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தக் கமரா பொது நடைபாதையையும் எதிர்வீட்டு வாசலையும் பார்த்தது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2014 டிசம்பரில் அது சொன்ன விடை இது: வீட்டுத் தேவைக்கு மட்டுமான பதிவுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் பொது வெளியையும் பார்க்கும் கமராவுக்கு அந்த விலக்குக் கிடையாது. அதே நேரம் தன் உயிரையும் உடைமையையும் குடும்பத்தையும் காக்கும் நியாயமான தேவையையும் கருத்தில் எடுக்க வேண்டும் என்றும் அது சொன்னது.

ஆகவே கமரா வைக்கவே கூடாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. உங்கள் தேவை எதுவோ, அதுவரை மட்டும் பாருங்கள் என்றே சொன்னார்கள்.

ஐக்கிய இராச்சியத்தில் தகவல் ஆணையாளர் அலுவலகம் வீட்டுக்காரருக்குத் தந்த வழிகாட்டலும் இந்த வழியில்தான் போகிறது. கமரா உங்கள் எல்லைக்குள்ளேயே பார்த்தால் தரவுச் சட்டம் உங்களைத் தொடாது. எல்லையைத் தாண்டினால் தொடும். அப்போது கமரா இருப்பதை அறிவித்தல் வைத்துத் தெரிவிக்க வேண்டும். தேவைக்கு மேல் பதிவை வைத்திருக்கக் கூடாது. படத்தில் விழுந்தவர் தன் பதிவைக் கேட்டால் வழமையாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டில்?

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருவதாக அது இயற்றப்பட்டது. 2025இல் திருத்தவும் பட்டது. ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காக மட்டுமே கையாளும் தரவுகளுக்கு இச்சட்டம் விலக்களிக்கிறது. அந்த "மட்டுமே" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் வழக்கு நடந்ததும் இதையொத்த சொல்லின் மீதுதான். நம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அந்தரங்கம் தனியொரு அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை.

அதனால் நம் ஒழுங்கைகளில் இப்போதைக்குச் சட்டப் புத்தகத்தைவிட அயல் உறவுதான் கூட வேலை செய்கிறது. அயல் உறவை நம்பியிருக்கும் இடத்தில் கமரா வைத்திருப்பவருக்கே பொறுப்பு அதிகம். கமரா எனது, படம் எனது தொலைபேசியில். முன் வீட்டுத் தாய் மனந்திறந்து வந்து கேட்டிராவிட்டால் எனக்கு ஒன்றும் தெரிந்திராது. அந்தப் பிள்ளை இருட்டினாப் பிறகே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

படம் எங்கே போகிறது?

"எங்கட வீட்டுப் படத்தை நாங்கள்தானே பார்க்கிறோம்" என்று நினைப்போம். பல கருவிகளின் பதிவுகள் இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிகளில் போய்ச் சேர்கின்றன. 2023 மே மாதம் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு ரிங் நிறுவனத்தின் மீது குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 2017இல் குறைந்தது 81 பெண்களின் கமராப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்தார் என்றது அது. அவை படுக்கையறை, குளியலறை போன்ற அந்தரங்கமான இடங்களில் வைத்த கமராக்கள். வாடிக்கையாளரின் கணக்குகளுக்குள் வெளியார் புகுவதைத் தடுக்கவும் நிறுவனம் போதியது செய்யவில்லை என்றது. குற்றச்சாட்டுகளை நிறுவனம் ஏற்கவில்லை. ஆனாலும் 58 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.

2019 டிசம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், எட்டு வயதுச் சிறுமியின் படுக்கையறைக் கமராவுக்குள் முகம் தெரியாத ஒருவன் புகுந்து அவளோடு கதைத்தான். பிள்ளையின் பாதுகாப்புக்கென்று தாய் வைத்த கமரா அது.

நாம் செய்யக்கூடியவை

கமரா வைத்திருக்கும் சகோதரிகளும், வைக்க நினைக்கும் சகோதரிகளும் இவற்றைக் கவனியுங்கள்.

1. பூட்ட முன் எதைக் காக்கப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். படலையா, முன் கதவா, சைக்கிள் நிறுத்தும் இடமா? அதை மட்டும் பார்க்க எவ்வளவு உயரம் போதும் என்று பூட்டுபவரிடம் கேளுங்கள். வீட்டு வாசலில் வருபவரைப் பார்க்க நெஞ்சு உயரத்தில் இருக்கும் அழைப்பு மணியே போதும். அயல் வேலியும் அப்போது தன் வேலையைச் செய்யும்.

2. கமராவின் கோணத்தைக் கீழ் நோக்கித் திருப்புங்கள். பல கருவிகளில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி உண்டு. அயல் வளவு விழும் பகுதியை அப்படி மறையுங்கள். எங்கே அசைவு கண்டால் பதிய வேண்டும் என்றும் வரையறுக்கலாம்.

3. ஒலிப்பதிவை நிறுத்திவையுங்கள். கள்வனைப் பிடிக்க அயலவரின் பேச்சுத் தேவையில்லை.

4. அயலவரைக் கூப்பிட்டுத் தொலைபேசியில் படத்தைக் காட்டுங்கள். முதல் நாளே நான் இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

5. யார் யாருடைய தொலைபேசியில் படம் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பூட்டிய ஆளின் தொலைபேசியிலும் இன்னும் இருக்கிறதா? கருவியோடு வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். இரு கட்டச் சரிபார்ப்பு வசதி இருந்தால் அதையும் போடுங்கள்.

6. பழைய பதிவுகள் சில நாட்களில் தாமாக அழியுமாறு வையுங்கள். ஒருவரின் படத்தை வேடிக்கைக்காகவோ, சந்தேகத்திலோ வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடாதீர்கள். களவு நடந்தால் பதிவைப் பொலிசில் கொடுங்கள்.

7. வீட்டுக்குள் கமரா வைப்பதானால் வீட்டில் இருக்கும் அனைவருக்கும் சொல்லி வையுங்கள். மருமகள், வேலைக்கு வரும் பெண், வாடகைக்கு இருக்கும் மாணவி எல்லோரும் இதில் அடக்கம். படுக்கையறையிலும் குளியலறையிலும், உடை மாற்றும் இடத்திலும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் இடத்திலும் வேண்டவே வேண்டாம்.

அயல் வீட்டுக் கமரா உங்களைப் பார்த்தால், சண்டையோடு தொடங்காதீர்கள். முன் வீட்டுத் தாய் என்னிடம் வந்தது போலப் போய், "ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேளுங்கள். பலர் என்னைப் போல அறியாமல் செய்தவர்களாகவே இருப்பார்கள். கேளாவிட்டால் திகதியிட்டு ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள். பிறகும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபையை நாடலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபைகள் இவை. அயல் பிணக்குகள் பல அங்கே தீர்கின்றன. வேண்டுமென்றே கண்காணிக்கிறார்கள், படத்தைக் காட்டி மிரட்டுகிறார்கள், பரப்புகிறார்கள் என்றால் அது வேறு விசயம். தயங்காமல் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். பெண்களுக்கான அரசின் உதவித் தொலைபேசி இலக்கம் 1938. ஒரு சட்டத்தரணியின் ஆலோசனையையும் பெறுங்கள்.

என் வீட்டில் பிறகு நடந்தது

பூட்டிய தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். தாழ்வாரத்துக் கமராவை இறக்கி, தூணில் ஏழடி உயரத்தில் படலையை நோக்கிக் கீழே சாய்த்துப் பூட்டினார். அதன் பிறகும் எதிர் வேலியின் மேல் விளிம்பு தெரிந்தது. அந்தப் பகுதியை மறைத்தோம். ஒலிப்பதிவை நிறுத்தினோம். மகன் தன் தொலைபேசியில் இருந்து ஒழுங்கைக் கமராவைத் தானே எடுத்துவிட்டான். அழைப்பு மணி அடித்தால் மட்டும் அவனுக்குத் தெரியும். "உனக்குப் பயமில்லையோ அம்மா?" என்று கேட்டான். படலையில் ஆள் வந்தால் எனக்குத் தெரியும், அது போதும் என்றேன்.

பின்னேரம் முன் வீட்டுத் தாயையும் பிள்ளையையும் கூப்பிட்டுத் தொலைபேசியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தேன். அவள் ஒவ்வொரு மூலையையும் விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, "சரி மாமி" என்றாள்.

மூன்றாம் நாள் காலை வெயிலில் அவர்களுடைய கொடியில் உடுப்புக் காய்ந்தது. அதை நான் என் படலையில் நின்று கண்டேன். என் தொலைபேசியில் அது தெரியவில்லை.

இன்றிரவு உங்கள் தொலைபேசியையும் ஒருக்கால் திறந்து பாருங்கள். படத்தில் உங்கள் வளவு எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.